நான்கு நாட்கள் ஒட்டிய தூசி

புதன்கிழமை, மாலை

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கு நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் கடிதம் போன வியாழக்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத ஆறு நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. போனில் நீங்கள் 'ம்' போடுவதற்கு நான் எதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும், எழுதுங்கள் என்று சொன்னவள் நீ. வாயைத் திறக்கச் சொன்னால் திறக்காது, பேனாவைக் கொடுத்தால் மூடாது என்று எனக்கு ஊமைக்கோட்டான் பட்டம் கட்டியவளும் நீதான். ஆகவே இது நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் வீட்டுச் சேதி. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நான் எதுவும் செய்யவில்லை, அதுவாக நின்றது. ஜன்னலோரச் செடி இரண்டு இலை விட்டிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பெருக்கினீர்களா என்று அடுத்த வரியில் கேட்பாய். பெருக்கவில்லை. 'அங்க லேப்ல தூசியை ஊட்டி வளர்க்கிறீங்க, இங்க வீட்டுல நான் பெருக்கித் தள்ளுறேன்' என்பாயே, நீ பயிற்சிக்குப் போன இந்த எட்டு மாதத்தில் இங்கேயும் வளர்க்கத் தொடங்கிவிட்டேன். நேற்று குனிந்து பார்த்தேன். சின்னச் சின்னப் பஞ்சு உருண்டைகளாகச் சுருண்டு கிடக்கிறது. காற்று வந்தால் ஒன்று மற்றொன்றின் பக்கம் மெல்ல நகர்கிறது. துடைப்பத்தை எடுக்க மனம் வரவில்லை.

மருத்துவமனையில் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு உன்னிடம் நடை பழகும் லாரி ஓட்டுநரின் கேள்விக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று அவர் கேட்க, நீ 'தூசியை மேலேருந்து கீழே போடறாரு' என்று சொல்ல, அவர் சிரித்த சிரிப்பில் புதுக் கால் சறுக்கிச் சுவரைப் பிடித்தாராம். பிறகு, 'சரி, இந்தக் கோளெல்லாம் எதால ஆனதுன்னு அவரையே எழுதச் சொல்லுங்க' என்றாராம். நீ சொன்ன பதிலில் தப்பே இல்லை. பத்தொன்பது வருஷமாக நான் செய்வது அதுதான்.

அவரிடம் இப்படிச் சொல். சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கும் கல்லும் இரும்பும். நம் காலுக்கு அடியில் துளைத்துக்கொண்டே போனால் முதலில் கல், அப்புறம் இன்னும் கனமான கல், அப்புறம் உருகிய இரும்பு, நட்ட நடுவில் அழுத்தம் தாங்காமல் இறுகிப்போன இரும்பு. தூரத்தில் இருக்கும் பெரியவை இரண்டும் பெரும்பாலும் வாயு. அவற்றில் தரையே கிடையாது. இறங்க ஆரம்பித்தால் இறங்கிக்கொண்டே இருக்கலாம். மேகம் தடிக்கும், கனக்கும், ஒரு கட்டத்தில் திரவமாகியிருக்கும், எங்கே மாறியது என்று கைகாட்டிச் சொல்ல முடியாது. வளையம் போட்டதை இறக்கும் அளவுக்கு ஒரு தொட்டி இருந்தால் அது தண்ணீரில் மிதக்கும். அதற்கும் அப்பால் இருக்கும் இரண்டுக்குப் பனிக்கோள் என்று பெயர். பெயரில்தான் பனி. உள்ளே தண்ணீரும் அம்மோனியாவும் கலந்து அழுந்திக் கொதிக்கிறது.

இத்தனையும் ஆரம்பத்தில் தூசி. சூரியன் சின்னதாக இருந்தபோது அதைச் சுற்றி வாயுவும் தூசியும் வட்டமடித்துக்கொண்டிருந்தன. தூசியும் தூசியும் ஒட்டிக் கடுகளவு ஆவது வரைக்கும் சிக்கல் இல்லை. மலையளவு ஆகிவிட்டாலும் சிக்கல் இல்லை, தன் கனத்தாலேயே அக்கம்பக்கத்தை இழுத்துப் போட்டுக்கொள்ளும். கடுகுக்கும் மலைக்கும் நடுவில்தான் கதை நின்றுபோகிறது. கடுகும் கடுகும் மோதினால் ஒட்டுவதில்லை, துள்ளி விலகிப் போய்விடுகின்றன. ஒட்டாமல் கோள் எப்படி வந்தது? எங்கள் ஆய்வுக்கூடத்துக் கோபுரமும், அதை நடத்தும் மேடமும், நானும் இருப்பது இந்த ஒரு கேள்விக்காக.

கோபுரம் என்றால் அவர் என்னவோ நினைத்துக்கொள்ளப் போகிறார். ஏழு மாடி உயரத்துக்கு ஒரு குழாய், அவ்வளவுதான். உச்சியிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியைக் கழற்றிவிடுவோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வாளி. வாளிக்குள் காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் ரவையைவிடச் சன்னமான கண்ணாடி மணிகள், கூடவே விழும் ஒரு கேமரா. விழுகிற இரண்டு வினாடி நேரம் மணிகளுக்கு எடை இல்லை. விண்வெளியில் இருப்பதாக அவை நம்பிக்கொள்ளும். கீழே தெர்மோகோல் உருண்டைகள் நிரப்பிய பள்ளத்தில் வாளி பொத்தென்று விழும். நான் தோண்டி எடுத்து, தட்டித் துடைத்து, மறுபடியும் உச்சிக்கு ஏற்றுவேன். ஒரு நாளைக்கு ஆறு முறை.

அந்த இரண்டு வினாடியை எட்டு நிமிடமாக இழுத்துப் படமாக ஓட்டுவோம். படம் பார்க்கும் அறையின் ஜன்னல்களில் கறுப்புத் துணி. வெளியே உச்சி வெயில் அடித்தாலும் உள்ளே இருட்டு. மணிகள் எழுந்து, கலைந்து, அவசரமே இல்லாமல் மிதக்கும். ஒன்று மற்றொன்றை நோக்கி வரும். வந்துகொண்டே இருக்கும். நாற்காலியில் நாமும் கொஞ்சம் முன்னால் சாய்வோம். தொடும். விலகிப் போய்விடும். மேடம் இருபத்திரண்டு வருஷமாக, நான் பத்தொன்பது வருஷமாக, இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது சேதியைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை, மூன்றாவது முறை, ஒட்டிக்கொண்டன. முதலில் இரண்டு, பிறகு ஐந்தாறு. பிறகு ஒரு கொத்து இன்னொரு கொத்தின் பக்கம் திரும்பியது, திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. மேடம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். அவர் முதுகில் மணிகள் மிதந்தன. படம் முடிந்ததும், 'இன்னொரு தடவை போடுங்க' என்றார். சனிக்கிழமையும் ஒட்டின. திங்கள், செவ்வாயும் ஒட்டின. நேற்று லிஃப்டில் பாட்டு முணுமுணுத்தார். அவருக்குப் பாட்டு வரும் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. வராது என்பது கேட்ட பிறகு தெரிந்தது. வாளியைத் தூக்கும் வடத்தை மாற்றக் கோபுரத்தை இன்றிலிருந்து இரண்டு வாரம் மூடுகிறார்கள். அதற்குள் மேடம் அறிக்கையை முடித்து, அடுத்த வாரம் ஒரு பெரிய கூட்டத்தில் சொல்லப் போகிறார்.

நேற்று மதியம் அந்த இருட்டறையில் கண் அசந்துவிட்டேன். தரை இல்லாத கோளில் நாம் குடி போயிருக்கிறோம். துடைப்பத்தை எங்கே சாய்த்து வைப்பது என்று நீ கேட்கிறாய். சுவரும் இல்லை. கையை விடுகிறாய், துடைப்பம் மெதுவாகக் கீழே கீழே போகிறது, நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உனக்குக் கோபமே வரவில்லை. அதிலிருந்துதான் கனவு என்று கண்டுபிடித்தேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. உன் அண்ணன் ஓட்டும் பஸ்தான் விடுதி வாசலிலிருந்து மருத்துவமனைக்குப் போகிறது என்பதையும், அதில் ஏறாமல் தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறாய் என்பதையும் படித்தேன். 'அப்பா சாகக் கிடக்கிறார்ங்கிறதை மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குச் சொன்ன மனுஷன், அவர் முதுகைப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாது' என்று எழுதியிருந்தாய். பலமுறை படித்தேன். அதைப் பற்றி எழுதுவேன். இப்போதைக்கு நல்ல செருப்பாக வாங்கிக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். லாரிக்காரருக்கு என் வணக்கம்.

உன்
ஊமைக்கோட்டான்


ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள வாயாடிக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. என்னுடையதும் உன்னுடையதும் வழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கும். இது சின்னக் கடிதம். சொல்ல வேண்டியது சிக்கிக்கொண்டு நிற்கிறது.

வியாழக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் என் அறைக்கு வந்து எர்த் கம்பியை மேசைமேல் வைத்தார். பல் தேய்ந்துபோன கிளிப்பை மாற்றிவிட்டதாகச் சொன்னார். எப்போது எடுத்துப் போனீர்கள் என்று கேட்டேன். 'போன வியாழக்கிழமை சாயந்தரமே எடுத்தேனே. ஒருத்தரும் கேக்கலையேன்னு நானும் மெதுவா செஞ்சேன்' என்றார். சொல்லிவிட்டு என் டீயில் பாதியைக் குடித்துவிட்டுப் போனார்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். தலை சீவிய சீப்பு காகிதத் துண்டை இழுக்குமே, அதே சமாசாரம். வாளியைக் கழற்றிவிடுமுன் மணிகளைக் குலுக்கும்போது ஒன்றோடொன்று உரசி மின்சாரம் ஏறும். அது இருந்தால் சோதனை சுத்தமாக இருக்காது என்பதால், குலுக்கும்போது கிண்ணத்தில் எர்த் கம்பியை மாட்டி அதை வடியவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் நிரப்பும் தாளில் பதினாலு கட்டம் இருக்கிறது. ஒன்பதாவது கட்டம், எர்த் கம்பி மாட்டியாயிற்றா. வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய், நான்கு நாளும் கம்பி எலக்ட்ரீஷியனின் அலமாரியில் இருந்திருக்கிறது. நான்கு நாளும் ஒன்பதாவது கட்டத்தில் டிக் இருக்கிறது. என் கையெழுத்தும் இருக்கிறது. பத்தொன்பது வருஷப் பழக்கம், முதல் கட்டத்தில் பேனாவை வைத்தால் பதினாலில்தான் எடுப்பேன். அந்த வியாழக்கிழமை உன் கடிதம் வந்த நாள். நான்கு நாளும் நீ நடந்து போவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது சாக்கு என்று எனக்கே தெரிகிறது.

மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சொல்லப் போனேன். கதவைத் தட்டுமுன் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. போனில் தன் தங்கையிடம், 'இல்லடி, நெஜமாவே ஒட்டிக்கிச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குக் கிளம்பும் பரபரப்பு. சனிக்கிழமை எதற்குப் போகவில்லை என்று எனக்கே தெரியவில்லை. நாளை காலை ரயில் ஏறுகிறார்.

முந்தாநாள் வந்த கனவில் ஒரு பெரிய நீலக் கோள் நம் தெருக்கோடியில் இறங்கி நின்றது. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. பனிக்கோள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேனே, லாரிக்காரர் என்ன நினைப்பார் என்று பதறினேன். கோள் ஒன்றும் சொல்லாமல், தெருவிளக்குகளை உரசாமல் ஒதுங்கி ஒதுங்கி மேலே போய்விட்டது. விழித்த பிறகும் உள்ளங்கையில் அந்தச் சூடு கொஞ்ச நேரம் இருந்தது.

பார், மறுபடியும் போய்விட்டேன். 'அண்ணனைப் பத்திக் கேட்டா நீங்க வானத்துக்குக் கிளம்பிடறீங்க' என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அவர் உன் விடுதி வாசலில் அரை மணி நேரம் சீருடையோடு நின்றார் என்றும், உள்ளே இருந்துகொண்டே நீ இல்லை என்று சொல்லி அனுப்பினாய் என்றும் எழுதியிருந்தாய். ஜன்னல் வழியாக அவர் போவதைப் பார்த்தாயாம், இளைத்துவிட்டாராம். அதை எதற்காக எனக்கு எழுதினாய்? இனிமேல் எனக்கு அண்ணன் என்று யாரும் இல்லை என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறாய் என்பதைப் படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதினோரு வருஷத்தில் உன்னிடம் நான் கெஞ்சியதில்லை என்பாய், இப்போது கெஞ்சுகிறேன். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடாதே. என் அடுத்த கடிதம் வரும்வரை உன் மேசையிலேயே கிடக்கட்டும்.

உன்
ஊமைக்கோட்டான்


சனிக்கிழமை, காலை

அன்புள்ளவளுக்கு,

வாயாடி என்று எழுதிக் கூப்பிட இன்று எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

முதலில் ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வானத்துக்கு ஓடுகிறேன் என்று நினைக்காதே. அதைச் சொன்னால்தான் இது வெளியே வரும்.

மேடம் நேற்று திரும்பி வந்தார். கூட்டத்தில் இருநூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்களாம். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பேனா வாங்கி வந்திருந்தார். என் பேனாவைக் கொடுக்கும்போது, 'வாளியைப் போட்ட கை இதுதான்னு அங்க உங்களைப் பத்திச் சொன்னேன்' என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். எலக்ட்ரீஷியன், கம்பி, டிக், நான்கு நாள், எல்லாம். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். எப்போது தெரியும் என்று கேட்டார். ஒன்பது நாளாக என்றேன். அவர் விரலை மடக்கி எண்ணுவதைப் பார்த்தேன். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். 'கம்பியை மறந்தது மனுஷத் தப்பு. அதுல எனக்குக் கோவம் இல்ல. ஒன்பது நாள் நான் சந்தோஷமா இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு அதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. அதைத்தான் எப்படி எடுத்துக்கிறதுன்னு தெரியல.'

பிறகு கூட்டத்தை நடத்தியவர்களைப் போனில் கூப்பிட்டு, நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இருநூறு பேருக்கும் தெரிவித்துவிடுங்கள் என்று நான் நிற்கும்போதே சொன்னார். யாருடைய தவறு என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தவறு என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் வெளியே போகத் திரும்பியபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, 'அங்க மட்டும் யாரு எர்த் கம்பி மாட்டினா?' என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. அந்தப் பழைய தூசி மேகத்தில் கம்பியும் இல்லை, கட்டம் போட்ட தாளும் இல்லை, உரசியதெல்லாம் உரசியபடியே இருந்திருக்கும். கோபுரம் திறந்ததும் கம்பியோடு இருபது முறை, கம்பி இல்லாமல் இருபது முறை என்று முதலிலிருந்து தொடங்கப் போகிறோம். 'வாளியை நீங்கதான் போடணும். டிக் மட்டும் நான் போட்டுக்கறேன்' என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். மேடம் சொன்னது தன் ஒன்பது நாளைப் பற்றி. எனக்குக் கேட்டது வேறு. இன்னொருத்தி பதினாலு மாதமாகத் தன் அண்ணனை வெறுத்துக்கொண்டிருக்கிறாள், நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

உன் அண்ணன் மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கூப்பிடவில்லை. முந்தின நாள் மாலை ஆறரைக்கே கூப்பிட்டார். மறுநாள் காலை பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு என்று நீ உன் போனை அணைத்து அலமாரியில் வைத்திருந்தாய். அதனால் என்னைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு முடியவில்லை, டாக்டர் நாள் கணக்கு இல்லை மணிக் கணக்கு என்கிறார், அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், ராத்திரி ரயிலைப் பிடித்தால் விடிவதற்குள் வந்துவிடலாம் என்றார். 'நான் சொல்லிக்கிறேன் மச்சான்' என்று சொன்னேன்.

சொல்லத்தான் அறைக்குள் வந்தேன். நீ தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். எலும்புகளின் பெயர்களைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, 'கேளுங்க, எந்தக் கேள்வி வேணும்னாலும் கேளுங்க' என்று சிரித்தாய். நான் முழங்கால் எலும்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். நீ சரியாகச் சொன்னாய். ரயில் எட்டரைக்குப் போய்விட்டது.

மூன்று வருஷம் நீ காத்திருந்த தேர்வு, அது போய்விடக் கூடாது என்று நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் நினைத்தேன் என்பதும் பொய்யில்லை. ஆனால் அது காரணம் இல்லை. எனக்கு வாய் வரவில்லை. உன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தேர்வா அப்பாவா என்று முடிவு செய்ய வேண்டியவள் நீ. அந்த முடிவை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நான்.

இன்னும் இருக்கிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் மறுபடி கூப்பிட்டார். கிளம்பிட்டீங்களா என்று கேட்டார். கிளம்பிட்டோம், ரயிலில் இருக்கிறோம் என்றேன். அப்போது நீ குளித்துக்கொண்டிருந்தாய். அப்பா பதினொரு மணிக்குப் போனார். நீ ஒரு மணிக்குத் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தாய். உன் அண்ணனிடமிருந்து இப்போதுதான் போன் வந்தது என்று உன்னிடம் சொன்னேன்.

நாம் போய்ச் சேர்ந்ததும், அத்தனை பேருக்கும் நடுவில் நீ அவர் சட்டையைப் பிடித்து, ஏன் எனக்கு நேற்றே சொல்லவில்லை என்று கேட்டாய். அவர் உன் தலைக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உன் கை அவர் சட்டையை விட்டிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, 'தப்புதாம்மா' என்றார்.

எல்லோரும் போன பிறகு வாசலில் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினார். 'அப்பாகிட்ட நீங்க வந்துக்கிட்டே இருக்கீங்கன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தேன்' என்றார். கோபம் இல்லை, கேள்வியும் இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி உன்னிடமோ என்னிடமோ அவர் வாய் திறக்கவில்லை. நீயும் நானும் நன்றாக இருக்க வேண்டும் என்று அவர் பேசாமல் இருந்தார். நான் தப்பித்துக்கொள்ளப் பேசாமல் இருந்தேன். ஊமை என்று நீ எனக்குச் செல்லமாக வைத்த பெயரை நான் இப்படிப் பயன்படுத்திக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

என்னை மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. கேட்டால் அதற்கும் நீ ஒரு பதிலைத் தேடவேண்டியிருக்கும், அந்தப் பாரம் உனக்கு வேண்டாம். வீட்டுச் சாவி உன்னிடம் ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்து எந்த ஊருக்குப் போவது என்பதும் இனி நீ முடிவு செய்ய வேண்டியது. நான் இங்கேதான் இருப்பேன். பயிற்சியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. லாரிக்காரர் உன் கையைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கிறார்.

எனக்குப் பதில் எழுத அவசரம் இல்லை. எழுதாமல் போனாலும் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவரிடம் இன்றே போ. கோபப்படவோ மன்னிப்புக் கேட்கவோ போக வேண்டாம், வாசலில் போய் நின்றால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று இத்தனை நாளும் நீ யாரிடமும் கேட்கவில்லை. அந்த ராத்திரி முழுக்க அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் உன் அண்ணன் ஒருவர்தான். நீ வந்து கேட்பாய் என்று பதினாலு மாதமாக அதை வைத்துக்கொண்டிருக்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளம்மா.

என்றும் உன் நலம் வேண்டும்,
உன் வீட்டுக்காரன்